அறிவியல் பாடம்: கட்டாயம் யாருக்கு?

வியாசர்பாடியில் ஒரு மாடி அறையில், மாலை ஆறு மணிக்கு மேல், எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியில் புரியாததைக் கேட்க வருவார்கள். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அறிவியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: “மிஸ், சயின்ஸ் படிச்சே ஆகணும்னு சட்டத்துல இருக்கா?”

மறுநாள் அவளுக்குப் பரீட்சை. அலுப்பில் வந்த கேள்விதான். ஆனாலும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்றிரவு சட்டங்களைத் தேடி எடுத்துப் படித்தேன். இருக்கிறது என்று சொன்னாலும் பாதிதான் சரி, இல்லை என்று சொன்னாலும் பாதிதான் சரி. அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. என்னைப் போலவே சட்டம் படிக்காதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சட்டத்தில் அறிவியல் எங்கே இருக்கிறது?

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் ‘சட்டம்’ என்கிறோம். உண்மையில் அது பல படிகள் கொண்டது. உச்சியில் அரசமைப்புச் சட்டம். அதற்குக் கீழே நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் இயற்றும் சட்டங்கள். அதற்கும் கீழே அரசாணைகள், பாடத்திட்டம், கடைசியாக வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் டைம் டேபிள். மேல்படியில் இருப்பதை மாற்ற வேண்டுமானால் பலர் கூடிப் பேசி வாக்களிக்க வேண்டும். கீழ்ப்படியில் இருப்பதை ஓர் உத்தரவில் மாற்றிவிடலாம். அதனால் ஒரு பாடத்தைப் பற்றிக் கேட்கும்போது, அது எந்தப் படியில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

உச்சிப்படியில் அறிவியல் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைச் சொல்கிறது. அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், ஆராய்ந்து கேட்கும் உணர்வு, சீர்திருத்த உணர்வு ஆகியவற்றை வளர்த்துக்கொள்வது அக்கடமைகளில் ஒன்று. 1976-இல் கொண்டுவரப்பட்ட 42ஆவது திருத்தம் இதைச் சேர்த்தது. கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியதும் அதே திருத்தம்தான். பள்ளியில் என்ன நடக்க வேண்டும் என்று டெல்லியும் சென்னையும் இரண்டுமே சட்டம் இயற்றலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த திருத்தம் அது. அறிவியல் மனப்பான்மையைக் கடமையாக்கிய அதே கை, கல்வியில் மாநிலங்களின் உரிமையைக் குறைத்தது என்பதைச் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கடமை வேறு, உரிமை வேறு. அடிப்படை உரிமை பறிபோனால் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். அடிப்படைக் கடமையைக் காட்டி அப்படி நேரே வழக்குப் போட முடியாது. போதாததற்கு இந்தக் கடமை குடிமகனைப் பார்த்துச் சொல்லப்பட்டது, பள்ளிக்கூடத்தைப் பார்த்து அல்ல.

அடுத்த படி, 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி தரும் பொறுப்பை அரசின் தலையில் வைத்த சட்டம் இது. என்னென்ன பாடம் என்று இது பட்டியல் போடவில்லை. அதை முடிவுசெய்யக் கல்வி அமைப்பு ஒன்றை அரசு நியமிக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில், நாம் டிபிஐ என்று சொல்லிப் பழகிய வளாகத்தில் இருக்கிறது.

அந்தச் சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. அதே காலேஜ் ரோட்டில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் தொலைநோக்கியைத் தாங்கிய தூண் அது. தமிழிலும் அதில் கல்வெட்டு உண்டு. அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874-இல் வெள்ளி கோள் சூரியனைக் கடந்தபோது, அதைச் சாதாரண மக்களுக்கு விளக்க ஒரு சிறு நூல் எழுதினார். அது இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. எந்தச் சட்டமும் அவரை எழுதச் சொல்லவில்லை. வானத்தில் நடப்பது ஊருக்குப் புரிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்தச் சாலையில் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

கல்வி உரிமைச் சட்டத்துக்கு வருவோம். சட்டத்தின் பின்னால் ஓர் அட்டவணை உண்டு. ஒரு பள்ளி என்றால் குறைந்தபட்சம் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ‘அறிவியல்’ அங்கே, ஆசிரியர் எண்ணிக்கை பேசும் இடத்தில் வருகிறது. 6 முதல் 8 வரையான வகுப்புகளில் அறிவியலுக்கும் கணக்குக்கும் சேர்த்துக் குறைந்தது ஓர் ஆசிரியர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். அறிவியலும் கணக்கும் ஒரே ஆள் தலையில் இருப்பதைக் கவனியுங்கள். கணக்கு படித்து வந்த ஆசிரியர் மலரின் பாகங்களை நடத்துவதும், விலங்கியல் படித்தவர் பின்னங்களோடு மல்லுக்கட்டுவதும் சட்டப்படி குறை இல்லை.

அதே அட்டவணை கழிப்பறை, குடிநீர், சத்துணவு சமைக்கும் கூடம், விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர், நூலகம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்கிறது. ஆய்வகத்தைக் கேட்கவில்லை. சரியாகத்தான் படிக்கிறேனா என்று இரண்டு முறை பார்த்தேன். இல்லைதான்.

ஆனாலும் அந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவு எனக்கு மிகவும் பிடிக்கும். பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது: செயல்பாடுகள் வழியாக, தேடிக் கண்டுபிடிப்பதன் வழியாகப் பிள்ளை கற்க வேண்டும், பயம் இல்லாமல் இருக்க வேண்டும், தன் கருத்தைத் தாராளமாகச் சொல்ல முடிய வேண்டும். ‘அறிவியல்’ என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் அறிவியல் வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் அதையேதான் சொல்வேன்.

தமிழோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். 2006-இல் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக, பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமானது. ஒரு பாடத்தின் பெயரைச் சொல்லி, அதற்கென்றே இயற்றிய சட்டம். அறிவியலுக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் படிப்பது பாடத்திட்டம் சொல்வதால். பத்தாண்டுப் பள்ளிப் படிப்பில் அறிவியலும் கணக்கும் எல்லாருக்கும் கட்டாயம் என்று, மத்திய அரசு அமைத்த 1964-66 கோத்தாரி கல்வி ஆணையம் பரிந்துரைத்தது. 1968-இன் தேசியக் கல்விக் கொள்கையும் இரண்டும் பொதுக்கல்வியின் பகுதியாக இருக்க வேண்டும் என்றது. கொள்கை என்பது அரசின் நோக்கம். சட்டத்தின் பலம் அதற்கு இல்லை.

நீதிமன்றம் ஒரு பாடத்தைக் கட்டாயமாக்கியதும் உண்டு. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டாயமாக்கச் சொல்லி 1991-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாடத்தைச் சட்டத்தின் வழியே நிலைநிறுத்துவது நம் நாட்டில் கேள்விப்படாத ஒன்றல்ல.

யார் மேல் கட்டாயம்?

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: “அப்போ சட்டம் இல்லன்னா நான் படிக்க வேணாமே மிஸ்.”

அவளுடைய சிக்கல்தான் பெரியவர்கள் பேச்சிலும் இருக்கிறது. ‘கட்டாயம்’ என்றதும் பிள்ளையின் காதைப் பிடித்து உட்கார வைக்கும் படம்தான் மனதில் வருகிறது. ஆனால் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் ‘கட்டாயம்’ என்ற சொல் முதலில் கட்டிப்போடுவது அரசைத்தான். பள்ளி திறக்க வேண்டும், பிள்ளையைச் சேர்க்க வேண்டும், படித்து முடிக்கும் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு அது உரிமை, அரசுக்கு அது கட்டாயம்.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி வாங்கியே தீர வேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் கார்டோடு போய் நின்றால் அரிசி இருந்தாக வேண்டும். ‘ஸ்டாக் இல்லை’ என்றால் கேட்க நமக்கு உரிமை உண்டு. பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இடம் ஆண்டுக்கணக்கில் காலியாக இருந்தால், அதுவும் ஸ்டாக் இல்லாத கடைதான். அப்போது எந்தச் சட்டத்தைக் காட்டிப் பெற்றோர் கேட்பது?

அறிவியலைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான். ஆசிரியரும் நேரமும் செய்து பார்க்கும் வாய்ப்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைப்பதைப் பள்ளியும் அரசும் சட்டப்படி உறுதிசெய்ய வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் வழி உண்டு. அப்பா கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குக் கூட்டிப்போவார், வீட்டில் தொலைநோக்கி வாங்குவார், கோடை முகாமில் சேர்ப்பார். எங்கள் தெருப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடம் இல்லை.

இங்கிலாந்தில் நடந்தது இதற்கு ஒரு சான்று. அங்கே 1944 சட்டத்தின்படி பள்ளிகள் கட்டாயம் கற்பிக்க வேண்டியிருந்த ஒரே பாடம் மதக்கல்விதான். 1988-இல் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றையும் மையப் பாடங்களாக்கியது. அதுவரை பதினான்கு வயதில் இயற்பியலைக் கைவிட்டுப்போன பெண்பிள்ளைகள் ஏராளம். ‘உனக்கு இது வராது, வேற எடு’ என்று யாராவது சொல்லிவிட்டால் அதோடு சரி. கட்டாயம் என்று வந்த பிறகு, பதினாறு வயது வரை அந்தக் கதவை யாரும் பிள்ளையின் முகத்தில் சாத்த முடியாமல் போனது.

நம் ஊரில் அந்தக் கதவு பத்தாம் வகுப்போடு மூடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் குரூப் எடுத்தால் அறிவியல் அத்தோடு முடிந்தது. ஆகவே, ஒரு மனிதர் தன் வாழ்நாளுக்கு எடுத்துப் போகும் அறிவியல் முழுவதும் பத்தாம் வகுப்புக்குள் கிடைத்தாக வேண்டும்.

உலக்கை நின்ற நாள்

எதைக் கட்டாயமாக்கச் சொல்கிறேன் என்று புரிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

கிரகணத்தன்று தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்துவார்கள். பிடிக்காமலே நிற்கும். கிரகணம் விட்டதும் தானாகச் சாயும் என்பார்கள். ஒரு கிரகணத்தின்போது அந்த வீடியோ எங்கள் பிள்ளைகளின் வீட்டுப் போன்களுக்கெல்லாம் வந்துவிட்டது. அடுத்த வாரம் கீழ்வீட்டுப் பாட்டியிடம் போய் உலக்கை கேட்டார்கள்.

“எதுக்கும்மா? கிரகணம்தான் முடிஞ்சிடுச்சே.”

“இன்னைக்கு நிக்குதான்னு பாக்கலாம் பாட்டி.”

“இன்னைக்கு எப்படி நிக்கும்?” என்றார். ஆனாலும் உலக்கையைக் கொடுத்துவிட்டு, அவரும் மெல்ல மாடி ஏறி வந்து உட்கார்ந்தார்.

முதல் மூன்று முறையும் சாய்ந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. தரை வாட்டமாக இருக்கிறது என்று ஒரு பையன் கண்டுபிடித்தான். மழைத்தண்ணீர் வடியட்டும் என்று அப்படிப் போட்ட தரை. மட்டமான மூலைக்கு மாற்றினார்கள். நின்றது. எல்லாரும் கத்தினார்கள். அறிவியல் புத்தகத்தை மூடி வைத்தாளே, அவள்தான் கேட்டாள்: “ஒருவாட்டி நின்னா போதுமா? இன்னும் நாலுவாட்டி நிறுத்து.” நான்கு முறையும் நின்றது. தாம்பாளத்தை எடுத்துவிட்டு வெறுந்தரையில் வைத்தார்கள், நின்றது. தலைகீழாகத் திருப்பினார்கள், நிற்கவில்லை. அந்த முனை தேய்ந்து உருண்டிருந்தது. பூண் போட்ட முனை தட்டையாக இருந்தது. காரணம் அங்கேதான் பிடிபட்டது. உலக்கையின் எடை முழுவதும் குவியும் புள்ளி, தட்டையான அடிப்பகுதிக்கு நேர் மேலே இருக்கும் வரை அது நிற்கும். கொஞ்சம் விலகினால் சாயும். சூரியனோ நிலவோ எங்கே இருந்தாலும் சரி.

பாட்டி கேட்டார்: “அப்போ நான் சின்ன வயசுல பாத்ததெல்லாம் பொய்யா?”

அந்தப் பெண் சொன்னாள்: “பொய் இல்ல பாட்டி. நீங்க பாத்தது நெசம். கிரகணம் இல்லாதப்ப யாரும் நிறுத்திப் பாக்கல, அவ்ளோதான்.”

எடை குவியும் அந்தப் புள்ளிக்குப் பெயர் ஈர்ப்பு மையம். அது என்ன என்பதைப் புத்தகம் இரண்டு வரியில் சொல்லிவிடும். ஒரு விளக்கத்தைக் கேட்டதும் ‘அது இல்லாத நாளில் என்ன ஆகிறது’ என்று பார்க்கத் தோன்றுவதும், ஒருமுறை நடந்ததை நம்பாமல் நான்கு முறை செய்வதும், பெரியவரை நோகடிக்காமல் அவர் கண்டதையும் அவர் சொன்ன காரணத்தையும் பிரித்துப் பார்ப்பதும் இரண்டு வரியில் வராது. இவற்றுக்குத்தான் அறிவியல் மனப்பான்மை என்று பெயர். பாடமும் வேண்டும், இதுவும் வேண்டும். ‘அறிவியல் கட்டாயம்’ என்று மட்டும் ஒரு சட்டம் எழுதினால் முதல் பாதிதான் வந்து சேரும் என்பது என் கவலை.

இப்போதே அப்படித்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், பிராக்டிகலுக்கு 25. செய்முறைக்கு இடம் கொடுத்த நல்ல ஏற்பாடு. ஆனால் பிள்ளைகள் ‘புக் பேக் படிச்சா போதும்’ என்கிறார்கள். ரெக்கார்டு நோட்டை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி முடிக்கிறார்கள். செய்யாத சோதனைக்கு விடை சரியாக வந்திருக்கிறது என்று கையெழுத்து வாங்குகிறார்கள். அறிவியல் வகுப்பிலேயே பொய் எழுதப் பழகுவது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

சட்டம் எங்கே நிற்க வேண்டும்?

இனி எதிர்வாதம். சட்டம் போடலாம், ஆனால் எது அறிவியல் என்று யார் முடிவுசெய்வது? இது நியாயமான பயம். இதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலச் சட்டமன்றம் 1925-இல் ஒரு சட்டம் போட்டது. மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பது குற்றம். டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு அதற்காக 100 டாலர் அபராதம் விதித்தார்கள். மேல்நீதிமன்றத்தில் தீர்ப்பு ரத்தானது. ஆனால் சட்டம் 1967 வரை ஏட்டில் இருந்தது. பிறகு 1981-இல் லூசியானா மாநிலம் வேறு வழியைப் பிடித்தது: பரிணாமத்தைக் கற்பித்தால், கடவுள் உயிர்களைப் படைத்தார் என்பதையும் அறிவியலாகச் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். அந்தச் சட்டம் செல்லாது என்று 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு சட்டங்களும் அறிவியல் வகுப்பைப் பற்றியவைதான். இரண்டையும் எழுதியவர்கள் வாக்கு வாங்கி வந்தவர்கள். உயிர்கள் எப்படித் தோன்றின என்பதைச் சான்றுகள்தான் சொல்ல வேண்டும். கை தூக்கி எண்ணிச் சொல்ல முடியாது.

சட்டமே இல்லாமல் விட்டாலும் வேறு ஆபத்து இருக்கிறது. சிபிஎஸ்இ பள்ளிகளுக்கான பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய நிறுவனமான என்சிஇஆர்டி, 2023-இல் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமத்தை நீக்கியது. கொரோனாவுக்குப் பிறகு பாடச்சுமையைக் குறைப்பதாகக் காரணம் சொன்னது. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். நீக்கத்தை ஆதரித்தவர்கள், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறதே என்றார்கள். சரிதான், உயிரியல் எடுப்பவர்களுக்கு இருக்கிறது. சென்னையில் ஒரே அடுக்குமாடியில் இரண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவருக்கு ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று ஒரு பாடமே இருந்தது. சிபிஎஸ்இ-யில் படித்தவருக்கு இல்லாமல் போனது. அந்த ஆண்டோடு அறிவியலை விட்டு காமர்ஸுக்குப் போனவர், தான் எங்கிருந்து வந்தோம் என்பதை வகுப்பறையில் கேட்காமலே பள்ளியை முடித்திருப்பார். இந்த நீக்கத்துக்குச் சட்டமன்றம் கூடவில்லை, விவாதம் நடக்கவில்லை. கீழ்ப்படியில் இருக்கும் பாடத்தை அப்படி எடுத்துவிடலாம்.

ஆகவே என் கருத்து இது. பாடத்தின் உள்ளடக்கத்தைச் சட்டமன்றம் எழுதக் கூடாது. பாடம் எழுதப்படும் முறையைச் சட்டம் காக்க வேண்டும். பிள்ளைகள் எந்தெந்தப் பெரிய கருத்துகளைத் தெரிந்துகொண்டு பத்தாம் வகுப்பை முடிக்க வேண்டும் என்பதை அந்தத் துறையில் வேலை செய்பவர்களும் வகுப்பறை ஆசிரியர்களும் முடிவுசெய்யட்டும். அவர்கள் சேர்த்ததை நீக்குவதென்றால், காரணத்தை வெளிப்படையாக எழுதி, மறுப்புக் கேட்டு, அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நீக்க வேண்டும் என்று சட்டம் சொல்லட்டும். ஆசிரியரும் ஆய்வகமும் சட்டத்தின் அட்டவணையில் பெயரோடு வரட்டும்; கழிப்பறையும் சுற்றுச்சுவரும் வந்தது போல. அறிவியலுக்கும் கணக்குக்கும் தனித்தனி ஆசிரியர் என்று அந்த ஒரு வரியை மாற்றினாலே எத்தனையோ பள்ளிகளில் வகுப்பு மாறும்.

எல்லாப் பள்ளிகளையும் இது எட்டுமா என்றால், எட்டாது. மதரசாக்கள், வேத பாடசாலைகள், முதன்மையாகச் சமயக்கல்வி தரும் நிறுவனங்கள் ஆகியவற்றுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2012-இல் திருத்தம் வந்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கும் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளி என்றாலே அறிவியல் இல்லாத பள்ளி என்று சிலர் பேசுவது பெரிய அநியாயம். சென்னையில் தலைமுறை தலைமுறையாகப் பலர் அறிவியல் படித்ததே அப்படிப்பட்ட பள்ளிகளில்தான். சமயக்கல்வி மட்டுமே தரும் இடங்களில் இருக்கும் பிள்ளைகள்தான் என் கவலை. தன் சமயத்தைப் பிள்ளைக்குச் சொல்லித்தரப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. அதில் அரசு கைவைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் ஏன் வருகிறது, தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியில் வாரம் சில மணி நேரம் அவர்களும் வந்து உட்காரும் ஏற்பாட்டை அரசு செய்து தரலாம்.

சட்டத்தால் முடியாததும் உண்டு. 2024-இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் பேச வந்த ஒருவர், முன்பிறவிப் பாவத்தால்தான் சிலர் உடற்குறையோடு பிறக்கிறார்கள் என்ற பொருளில் மாணவிகளிடம் பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து அங்கேயே எதிர்த்துக் கேட்டார். அதன் பிறகுதான் ஊர் பேசியது, பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறை வகுப்பதாக அரசும் அறிவித்தது. அந்தப் பள்ளியில் அறிவியல் பாடம் இல்லாமல் இல்லை. பாடத்திட்டமும் புத்தகமும் எல்லாம் இருந்தன. அன்று அந்த அரங்கில் பிள்ளைகளைக் காத்தது, எழுந்து நின்ற ஒருவரின் குரல். அப்படிக் கேட்கும் ஆசிரியருக்குத் தொல்லை வராமல் பார்த்துக்கொள்வது சட்டத்தால் முடிந்த வேலை.

செலவைப் பற்றிக் கேட்பார்கள். ஆய்வகத்துக்குப் பணம் வேண்டும், உண்மைதான். ஆனால் ஆய்வகம் வரும் வரை அறிவியலைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சென்னையில் ஆண்டுக்கு இரண்டு நாள், ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில், நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். செங்குத்தாக நிற்கும் எந்தப் பொருளுக்கும் அந்தச் சில நிமிடம் நிழல் இருக்காது. ஒரு தண்ணீர் பாட்டிலும் மட்டமான தரையும் போதும். கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்த பிறகும் நிழல் கொஞ்சம் மிச்சம் இருக்கும், சில நிமிடம் கழித்துத்தான் மறையும். ஏன் அந்தத் தாமதம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வைத்திருப்பதிலிருந்து பூமி சுழல்வது வரை அந்த ஒரு கேள்வியில் நடத்திவிடலாம்.

சட்டத் திருத்தம் எப்போது வருமோ. இப்போதே செய்ய முடிவது ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. அறிவியல் ஆசிரியர் இடம் காலியா, லேப் கடைசியாக எப்போது திறந்தது, பிள்ளைகள் கையால் தொட்டுச் செய்த சோதனைகள் எத்தனை என்று அங்கே கேட்கலாம். கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். அந்தப் பெண்ணின் அம்மா இந்த முறை குழுக் கூட்டத்துக்குப் போகிறார். மூன்று கேள்விகளையும் மகளே நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.